காசு சேர்ப்பதில் சந்தோஷம் உண்டா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

14 ஜூலை 2024

ஓசூர்த் தம்பி ஒருவர் கேட்டது: "வயது 24. சிப்காட்டில் ஒப்பந்த வேலை, கைக்கு 18,000 வரும். அதில் 9,000 மாதாமாதம் சேமிப்புக்கே போய்விடுகிறது, இரண்டு வருஷமாக இப்படித்தான். சேமித்தால் மனசுக்குச் சந்தோஷம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நிஜமாகவே யாருக்காவது இது பிடித்திருக்கிறதா, இல்லை பிடித்த மாதிரி பேசுகிறீர்களா?"

தம்பி, எனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். லைனிங் பிளவுஸ், சுடிதார், புடவைக்கு ஃபால்ஸ், ஜூன் மாதம் பள்ளிக்கூடச் சீருடை. காலையில் முதலில் வரும் கூலி, அதாவது போணிக் காசு, செலவுக்குப் போகாது. பாபின் போட்டு வைத்திருந்த பழைய பிஸ்கட் டின்னில் விழுந்துவிடும். ஒரு நாள் பாவாடைக்கு ஓரம் அடித்த 30 ரூபாய், இன்னொரு நாள் கல்யாண பிளவுஸ் வாங்கிப் போகிறவர் நீட்டிய 900. கடை திறக்கும்போது இன்றைக்கு எவ்வளவு விழும் என்று தெரியாது, அந்த எதிர்பார்ப்பே ஒரு ருசி. இப்போது பாதிப் பேர் ஜிபேயில் அனுப்புகிறார்கள், அப்போது அதே தொகையைக் கல்லாவிலிருந்து எடுத்து டின்னில் போடுகிறேன். மாதம் பத்தாம் தேதிவாக்கில் அஞ்சலக ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்புக் கணக்கு, அதற்குப் பணம் வாங்க ஏஜென்ட் அக்கா வருவார். டின்னை வெட்டுமேசை மேல் கவிழ்த்து, நூல் பிசிறெல்லாம் ஊதித் தள்ளிவிட்டு, இரண்டு பேரும் எண்ணுவோம். அந்தக் கால்மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

15 ஜூலை

ஏஜென்ட் மூலம் கட்டினால் நம் பணத்தில் கமிஷன் பிடிப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிடிப்பதில்லை. மகளிர் முகவர்களுக்கு நூற்றுக்கு 4 ரூபாய் கமிஷன், அதை அரசு கொடுக்கிறது. நமக்கு ஒரு அட்டை தருவார்கள், பணம் வாங்கியதும் அதில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார்கள். அட்டையில் கையெழுத்து வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சரி. பாஸ்புத்தகத்தையும் அவ்வப்போது வாங்கி அட்டையோடு ஒத்துப் பாருங்கள்.

கணக்கு கேட்டவர்களுக்கு: இப்போது வட்டி 6.7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டி. மாதம் 1,000 வீதம் 60 மாதம் கட்டினால் போட்டது 60,000, வருவது 71,366. குறைந்தது 100 ரூபாயிலிருந்து போடலாம். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம், தொடர்ந்து நாலு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும், அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் போய் மறுபடி உயிர் கொடுத்துக்கொள்ளலாம்.

இதைவிட மியூச்சுவல் ஃபண்டில் அதிகம் வரும் என்று மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள். வரலாம். தம்பி கேட்டது எதில் அதிகம் வரும் என்று இல்லையே, எதில் மனசு நிறையும் என்று.

17 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை, கடையில் கூட்டம் இல்லை, சில நாள் மத்தியானம் வரைக்கும் போணியே ஆகாது. டின்னில் சில்லறைதான் கிடக்கும். இந்த மாதம் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் போன வைகாசியிலும் ஜூனிலும் சேர்ந்தது இருக்கிறது என்பதால் கடை வாடகைக்கு யாரிடமும் போய் நிற்கவில்லை.

நம் பக்கத்துக் குடும்பங்களில் மாதச் சம்பளம் பார்த்தவர்கள் குறைவு. என் அப்பா பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர். போன வருஷம் ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் மாட்டுக்குப் போட்ட வருஷங்களும் அதே காட்டில் நடந்தவைதான். விலை வரும்போது எடுத்து வைக்காவிட்டால் அடுத்த நாற்றுக்கு வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். ராயக்கோட்டை மண்டியில் கேட்டுப் பாருங்கள், இதே கதையை வேறு வேறு ஊர்ப் பெயரோடு சொல்வார்கள். எங்கள் வீட்டில் சேமிப்பைச் சந்தோஷம் என்று யாரும் சொன்னதில்லை. அடுத்த பருவத்துக்கு விதை என்று சொல்வார்கள்.

19 ஜூலை

"தனியாகச் சேர்ப்பது போர் அடிக்கிறது, கூட்டாகச் சேர்த்தால் ஜாலியாக இருக்குமா" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். அதற்கு என் அம்மாவைத்தான் காட்ட முடியும்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முதன்முதலில் தொடங்கியதே தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-இல், ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம்தான், நாம் தனி மாவட்டம் ஆனது 2004-இல். பிறகு சேலம், தென்னாற்காடு என்று பரவி, 1997-98-இல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் போனது. இந்த ஊர் பின்தங்கியது, படிப்பு குறைவு என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் ஊரில் குழு வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். வாரம் 10 ரூபாய். மாரியம்மன் கோயில் திண்ணையில் சாயங்காலம் உட்காருவார்கள். ஊக்குநர் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து போய்ப் பணத்தை வைத்துவிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை கைநாட்டு வைத்த அம்மா என் சிலேட்டில் தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்தார். கடைசி எழுத்தின் சுழி அவருக்கு வரவே வராது, பல்லைக் கடித்துக்கொண்டு பலப்பத்தை அழுத்துவார், பலப்பம் உடையும். அப்புறம் ஒரு வாரம் புத்தகத்தில் நீலமாகத் தன் பெயரைப் போட்டுவிட்டு வந்து, ராத்திரி களி கிண்டும்போது தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார். 10 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தவர் சிரித்த சிரிப்பு அது.

குழுவுக்குள்ளேயே நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் கொடுத்துக்கொள்வார்கள், வெளியில் அப்போது ஐந்தும் பத்தும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வட்டியும் குழுவின் கணக்கிலேயே சேரும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பதும் அந்தத் திண்ணையில்தான், ஆண்கள் யாரும் கூட இல்லாமல்.

20 ஜூலை

நேற்றையதைப் படித்துவிட்டு "குழுவா, அதனால்தானே எங்கள் தெருவில் பாதிப் பேர் ஊரை விட்டு ஓடினார்கள்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணா, நீங்கள் சொல்வது வாரத் தவணைக் கடன் குழு. இரண்டையும் ஊரில் "குழு" என்றே கூப்பிடுகிறோம், அதனால் ஒன்றின் பாவம் இன்னொன்றின் தலையில் விழுகிறது. என் அம்மாவின் குழுவில் முதலில் சேர்த்தார்கள், பிறகு கடன் வாங்கினார்கள். இதில் முதலிலேயே கடன், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில். அதே பெண்கள், அதே வட்டமாக உட்காருவது, ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் எந்தக் குழு என்று.

23 ஜூலை

இன்று பட்ஜெட். தங்கத்துக்கு இறக்குமதி வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததும் சவரன் விலை இன்றே சரிந்துவிட்டது. நகைச் சீட்டு கட்டுகிற பெண்கள் மாலையில் கடைக்கு வந்து ஒரே பேச்சு. ஏன் எல்லா நகைக்கடையும் 11 மாதத்தோடு சீட்டை முடிக்கிறது என்று கேட்டார்கள். பொருளுக்காக வாங்குகிற முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்து முடிக்காவிட்டால் அது வைப்புநிதி ஆகிவிடும், 2014-இல் வந்த விதி. அதனால்தான். பன்னிரண்டாவது தவணையைக் கடைக்காரர் போடுகிறார் என்று சந்தோஷப்படுவதற்கு முன் செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கத்தில் ஒரு சுகம் இருப்பதை மறுக்க மாட்டேன். போட்டுக்கொண்டு போகலாம், பெண்ணின் பெயரில் ஊரே பார்க்கும்படி இருக்கும், அவசரத்துக்கு அடகு வைக்கலாம். அடகு வைப்பது யார் முடிவு என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை.

24 ஜூலை

கஞ்சத்தனத்துக்கும் சேமிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டவருக்கு.

என் பெரியப்பா காசு சேர்ப்பதை மனசார ரசித்தவர். பொய் சொல்லவில்லை, ராத்திரி பாஸ்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பார், முகம் மலர்ந்து போகும். புளியமரத்தைக் குத்தகைக்கு விட்ட பணம், பால் பணம், எல்லாம் அங்கே. வீட்டில் மூன்று வேளையும் களி, சந்தையில் கடைசி நேரம் வாடிய கத்திரிக்காய், பெரியம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு சேலை. பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது பொழுது கொஞ்சம் போகட்டும் என்று தள்ளிப்போட்டார். அவர் சேர்த்ததில் பாதி பெரியம்மா மாடு கறந்து வந்த காசு.

பெரியப்பாவின் சந்தோஷம் உண்மைதான். ஆனால் அதற்கான விலையை இன்னொரு ஆள் கொடுத்தார். யார் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தது என்று பார்க்காமல் சேமிப்பைப் பாராட்ட எனக்கு மனசு வருவதில்லை.

28 ஜூலை

ஓசூர்த் தம்பி இன்று விவரமாக எழுதியிருக்கிறார். அந்த 9,000 ரூபாய் ஊரில் அப்பா பெயரில் இருக்கும் இரண்டு ஏலச் சீட்டுக்குப் போகிறதாம். சம்பளம் விழுந்த அன்றே அப்பாவுக்கு அனுப்பிவிட வேண்டும். எப்போது எடுப்பது, எடுத்து என்ன செய்வது, எல்லாம் அப்பா முடிவு. ஒரு சீட்டை எடுத்து வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டியதுகூட இவருக்கு லீவில் ஊருக்குப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது.

இதைப் படித்ததும் நான் முதலில் சொன்ன பதிலை அப்படியே வைக்க மனசு ஒப்பவில்லை. டின்னில் போடுவது, எண்ணுவது எல்லாம் எனக்கு இனிப்பதற்குக் காரணம் அந்தப் பணம் என் உழைப்பு, எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்பது என் முடிவு, பிறகு அதை என்ன செய்யலாம் என்று யோசிப்பதும் நான். தம்பிக்கு அந்த மூன்றில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. அவர் சேமிக்கவில்லை, அப்பா சேமிக்கிறார். அப்பாவுக்குச் சந்தோஷம் வருகிறது, மகனுக்கு எரிச்சல் வருகிறது, இரண்டுமே நியாயம்தான்.

சீட்டுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு கட்டியும் அது எப்படி ஓடுகிறது என்று தனக்குத் தெரியாது என்கிறார். 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000, மொத்தம் ஒரு லட்சம். அவசரக்காரர் ஒருவர் 75,000 போதும் என்று தள்ளி எடுக்கிறார். மிச்சம் 25,000-இல் சீட்டு நடத்துகிறவர் கமிஷன் 5,000 போக 20,000 எல்லோருக்கும் பிரியும், ஆளுக்கு 1,000. அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். கடைசி வரை எடுக்காமல் இருப்பவருக்கு லாபம், முதலில் எடுப்பவருக்கு அது ஒரு கடன். பதிவு செய்த சீட்டில் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 2019-இல் திருத்துவதற்கு முன் 5. பதிவு இல்லாமல் நடத்துவதை 1982 சட்டம் அனுமதிப்பதில்லை. ஊரில் பாதிச் சீட்டு வாய்வார்த்தையில்தான் ஓடுகிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. அப்பாவின் சீட்டு எந்த வகை என்று கேளுங்கள் தம்பி, பயப்படாமல் கேளுங்கள்.

29 ஜூலை

"பெற்றவர்கள் பார்த்துச் செய்வதைக் குறை சொல்கிறீர்கள்" என்று இரண்டு பேர் கோபப்பட்டிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை. என் அப்பாவும் அப்படித்தான், வீட்டுக்காகத்தான் செய்தார். ஆனால் அம்மாவுக்கு என்று ஒரு சிறுவாடு இருந்தது. கேழ்வரகுப் பானைக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி. முட்டை விற்றது, கூலிக்குக் களை எடுக்கப் போனது, அண்ணன்மார் பொங்கலுக்குக் கொடுத்த சீர்ப் பணம். சில்லறை சேரச் சேரக் கடையில் கொடுத்து 500 ரூபாய் நோட்டாக மாற்றி வைப்பார், இடம் அடைக்காது என்று.

2016 நவம்பர் 8 ராத்திரி, 500, 1,000 ரூபாய் நோட்டு இனிச் செல்லாது என்று டி.வி.யில் அறிவிப்பு வந்தபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்து மெதுவாகக் கேட்டார், வேறு யாராவது மாற்றித் தருவார்களா என்று. டிசம்பர் 30 வரை வங்கியில் போடலாம் என்றேன். அவருக்கு இருந்த கணக்கில் போட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அப்பா திட்டவில்லை, "இவ்வளவு வைத்திருந்தாயா" என்று ஆச்சரியப்பட்டார், அவ்வளவுதான். ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. போர் மோட்டார் காயில் போயிருந்தது, அந்தப் பணம் அதற்குப் போனது, நியாயமான செலவுதான். ஆனால் அதற்குப் பிறகு அம்மா பானைக்கு அடியில் எதையும் வைக்கவில்லை. பணம் பத்திரமாகத்தான் இருந்தது, அது அவருடையதாக இருந்த காலம்தான் போய்விட்டது.

3 ஆகஸ்ட்

ஆடி 18. காவிரியில் வெள்ளம், ஒகேனக்கல்லில் குளிக்க விடவில்லை, மேட்டூர் நிரம்பிவிட்டது. நாங்கள் வீட்டிலேயே சாமி கும்பிட்டுவிட்டோம். கடை லீவு, அதனால் கொஞ்சம் அதிகமாக எழுதுகிறேன்.

மகளிர் உரிமைத் தொகையைப் பற்றி ஒருவர் "ஆயிரம் ரூபாயில் என்ன சேமிப்பு" என்று கேட்டிருந்தார். போன வருஷம் ஜூலையில் அதன் பதிவு முகாமை முதல்வர் தொடங்கி வைத்தது நம் தொப்பூரில்தான், செப்டம்பர் 15-லிருந்து பணம் வருகிறது. என் மாமியாருக்கு வருகிறது. எழுபதைத் தொடப் போகிறவர், வாழ்நாள் முழுக்க மாந்தோப்பில் கூலி வேலை, தன் பெயருக்கு மாதாமாதம் பணம் வருவது இதுதான் முதல்முறை. மெசேஜ் வந்ததும் என் மகளிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். 400 ரூபாயை அப்படியே கணக்கில் விட்டுவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். எதற்கு என்று கேட்டால் சொல்ல மாட்டார். எனக்குத் தெரியவும் வேண்டாம்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021 மே மாதம் வந்ததே, அதையும் சேர்த்துப் பாருங்கள். கிருஷ்ணகிரிக்கு நூலும் லைனிங் துணியும் வாங்கப் போகும்போது மிச்சமாகும் டிக்கெட் காசை என்னிடம் வேலை செய்யும் பெண் தனியாக ஒரு பர்ஸில் போட்டு வைக்கிறாள். செலவே ஆகாத காசை எப்படிச் சேமிப்பு என்று சொல்வாய் என்று கேட்டேன். "முன்னாடி போனதுதானே அக்கா, இப்போ என்கிட்ட இருக்கு" என்றாள்.

என் மகளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்கிறது, வட்டி 8.2 சதவீதம், நல்ல திட்டம், யாரைக் கேட்டாலும் போடச் சொல்வேன். அவளுக்கு அதில் ஒரு துளி ஆர்வம் இல்லை. 18 வயது வரை நடத்துவது நாங்கள்தானே. ஆனால் சந்தையில் வாங்கிய மண் உண்டியலைத் தினமும் தூக்கிப் பார்க்கிறாள், காதருகே வைத்து ஆட்டுகிறாள். கணக்கில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட அதில் இருக்காது.

11 ஆகஸ்ட்

அரூர் அக்கா ஒருவர் எழுதியது என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. "கரும்பு வெட்டுக்குக் குடும்பத்தோடு போய் வாங்கிய முன்பணத்தையே கழிக்க முடியாமல் இருக்கிறோம், எங்களிடம் வந்து சேமிப்பில் சந்தோஷம் என்கிறீர்களே" என்று.

அக்கா, உங்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் இல்லை. மிச்சம் இருந்தால்தான் சேமிப்பு. மிச்சமே இல்லாதவரிடம் டீயைக் குறை, போனைக் குறை என்று புத்தி சொல்வது எனக்குப் பிடிக்காது. முன்பணம் வாங்கியவருக்குக் கூலியே இன்னொருவர் நோட்டில் இருக்கிறது. எவ்வளவு கழிந்தது என்பதை அவர் எழுதுகிறார், நாம் கேட்டுக்கொள்கிறோம். உங்களுக்கு முதலில் வேண்டியது அந்த நோட்டின் ஒரு பிரதி உங்கள் கையில். எத்தனை டன் வெட்டினோம், என்ன கூலி, எவ்வளவு பிடித்தார்கள் என்று தேதியோடு நீங்களும் எழுதுங்கள், எழுதத் தெரிந்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சேமிப்புப் பேச்சு அதற்கப்புறம்.

25 ஆகஸ்ட்

தம்பியிடமிருந்து தகவல். லீவில் ஊருக்குப் போனவர் அப்பாவோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். முதலில் "என் மேல் நம்பிக்கை இல்லையா" என்று அப்பாவுக்குக் கோபம். அம்மாதான் நடுவில் வந்து, "அவன் கணக்குதானே கேட்கிறான்" என்றாராம். ஒரு சீட்டு பதிவு செய்தது, இன்னொன்று ஊர்க்காரர் நடத்துவது, அது இன்னும் நாலு மாதத்தில் முடிகிறது. முடிந்ததும் அதைத் தொடர்வதில்லை, அந்தப் பணம் தம்பியிடமே இருக்கும் என்று பேசி முடித்திருக்கிறார்கள். இப்போதைக்கு ஓசூர் அஞ்சலகத்தில் மாதம் 500 ரூபாய்க்கு ஆர்.டி. தொடங்கிவிட்டார். எதற்கு என்று எழுதவில்லை, "எனக்கே எனக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறார். படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒன்று மட்டும் தம்பி. நடுவில் பணம் தேவைப்பட்டால் கணக்கை உடைக்காதீர்கள். 12 தவணை கட்டிய பிறகு இருப்பில் பாதி வரை கடன் எடுக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன் மூட முடியாது, அதற்குப் பிறகு மூடினாலும் சாதா சேமிப்புக் கணக்கு வட்டிதான், 4 சதவீதம்.

8 செப்டம்பர்

தீபாவளி அக்டோபர் 31. எங்கள் தெருவில் கறிச் சீட்டு நடத்துகிறவர் வாரம் 50 வாங்குகிறார், தீபாவளி அன்று விடிகாலையில் ஆடு அறுத்துப் பங்கு பிரிப்பார். வட்டி கிடையாது. நானும் கட்டுகிறேன். எலும்பு, ஈரல், குடல் எல்லோருக்கும் சமமாக விழுகிறதா என்று ஒவ்வொரு வருஷமும் வாழை இலை முன்னால் நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம். பங்கு இன்னும் நாலு பாக்கி இருக்கிறதாம், பிந்தி வருகிறவர்கள் விட்டுப்போன வாரத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். காவேரிப்பட்டணம் பக்கம் இருப்பவர்கள் வேண்டுமானால் சொல்லுங்கள்.